2043-ல் எனக்கு ஓய்வூதியம் கொடுக்க அரசிடம் பணம் இருக்குமா?

நீங்கள் 2009-ல் அரசுப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தவர், 2043-ல் ஓய்வுபெறப் போகிறவர். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி என்று அரசு இப்போது சொல்லியிருக்கிறது. ஆனால் பிறப்பு குறைந்து முதியவர்கள் பெருகிவரும் மாநிலத்தில், அந்தப் பாதியைக் கொடுக்க அன்றைக்குப் பணம் இருக்குமா, மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் இருக்குமா என்பதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இன்று போட்ட கணக்கு நாளைக்குத் தப்பினால், அந்த இழப்பை யார் ஏற்பது? அரசா, வேலையில் இருக்கும் இளையவர்களா, ஓய்வுபெற்ற நீங்களா? இதைத் தெளிவாக்கிக்கொண்டால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் கருவூலத் துறையில் ஓய்வூதியப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பென்ஷன் புத்தகம் போடுவது, ஆண்டு நேர்காணல், குடும்ப ஓய்வூதிய மாற்றம் எல்லாம் கையால் செய்த வேலைகள். ஆயுளை வைத்து ஓய்வூதியச் செலவைக் கணிக்கும் ஆயுள்கணிப்பு நிபுணர் (ஆக்சுவரி) அல்ல. அதனால் கீழே நான் போடும் கணக்கு, திசை காட்டும் அளவுக்கான தோராயக் கணக்குதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சி.பி.எஸ். வந்தது. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். கொண்டுவந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் சேர்ந்தன, தமிழ்நாடு சேரவில்லை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியரிடம் 10 சதவீதம் பிடித்து, அரசும் 10 சதவீதம் போட்டு, ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி விகிதத்தில் வட்டி சேர்த்து வந்தது. ஓய்வுபெறும் நாளில் சேர்ந்த தொகையை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினோம். மாதப் பென்ஷன் கிடையாது. பல ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஒரே ஒரு காசோலையுடன் வெளியேறுவது எனக்குக் கடைசிவரை உறுத்திய விஷயம். 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் இதைத்தான் மாற்றுகிறது: ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடரும், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் ஓய்வூதியமாக உறுதி, பற்றாக்குறை அரசுடையது.

இப்போது கணக்கு. நீங்கள் 26 வயதில் சேர்ந்து 60-ல் ஓய்வுபெற்று 82 வரை வாழ்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 34 ஆண்டு வேலை, 22 ஆண்டு ஓய்வு. உங்கள் பத்தும் அரசின் பத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 20 சதவீதம். 34 ஆண்டுக்கு அது ஏறத்தாழ 7 ஆண்டுச் சம்பளம். திருப்பி வாங்குவது பாதிச் சம்பளம், 22 ஆண்டுக்கு. அது 11 ஆண்டுச் சம்பளம். ஏழு போட்டு பதினொன்று எடுக்கும் இந்த இடைவெளியை வட்டிதான் நிரப்ப வேண்டும்.

வட்டி எவ்வளவு வேண்டும்? உங்கள் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வால் ஏறுகிறது, விலைவாசிக்கு அகவிலைப்படி தனியாக ஏறுகிறது. ஆக, போட்ட பணம் விலைவாசியைத் தாண்டி ஆண்டுக்கு 3 சதவீதம் சம்பாதித்தால்தான், அந்த ஏழு ஆண்டுச் சம்பளம் உங்கள் *கடைசிச்* சம்பள அளவில் ஏழாக நிற்கும். ஓய்வுக் காலத்திலும் அதே வட்டி கிடைத்தால் எடுக்க வேண்டிய 11 சுமார் 8-ஆகச் சுருங்கும். அப்படியும் ஒன்று குறைகிறது. இதில் பதவி உயர்வு சேரவில்லை, ஊதியக் குழு சேரவில்லை, உங்களுக்குப் பிறகு துணைக்குப் போகும் குடும்ப ஓய்வூதியமும் சேரவில்லை. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ்.-இல் அரசின் பங்கு 18.5 சதவீதம் என்று ஏன் வைத்தார்கள் என்பது இங்கே புரியும். 10-ம் 18.5-ம் சேர்ந்தால் 28.5. அதை 34-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட பத்து ஆண்டுச் சம்பளம். எட்டைக் கொடுத்து, குடும்ப ஓய்வூதியத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். அந்தத் திட்டத்துக்கான பரிந்துரை, தமிழ்நாட்டுப் பணித்தொகுதியைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.வி. சோமநாதன் தலைமையிலான குழுவிலிருந்து வந்தது என்பதையும் சொல்லலாம்.

ஆனால் எல்லாரும் 26-ல் சேர்வதில்லை. தேர்வு எழுதி எழுதி 35 வயதில் பணி நியமனம் பெறுபவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் 25 ஆண்டுதான் பணம் கட்டுகிறார்கள், யு.பி.எஸ். விதிப்படி 25 ஆண்டு பணிக்கே முழு 50 சதவீதம் உண்டு. 28.5-ஐ 25-ஆல் பெருக்கினால் ஏழு சொச்சம்தான் வரும். இதை அவர்கள் குற்றமாக நான் சொல்லவில்லை. நியமனத்தைத் தாமதப்படுத்தியது அரசு. பல ஆண்டுகள் ஆள் எடுக்காமல் சம்பளச் செலவை மிச்சம் பிடிக்கும்போது, அந்த மிச்சத்தில் ஒரு பகுதி பிற்காலப் பென்ஷன் கடனாக மாறுகிறது. நிதிநிலை அறிக்கை வாசிக்கும் நாளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

அப்புறம், மாநிலம் மூப்படைவது இதில் எங்கே வருகிறது? பலரும் நினைப்பதுபோல நேரடியாக வருவதில்லை. அரசு ஊழியர் பென்ஷன் செலவைத் தீர்மானிப்பது எந்தெந்த ஆண்டுகளில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம், அவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்ற இரண்டும்தான். மாநிலத்தின் மூப்பு வரி வருமானம் வழியாக வருகிறது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.4. மக்கள்தொகை அப்படியே நிற்க 2.1 வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. உழைத்து, வாங்கி, வரி கட்டும் வயதினரின் பங்கு சுருங்கும். மருத்துவமனைச் செலவும் முதியோர் உதவித்தொகையும் கூடும். உங்கள் பென்ஷன் இவற்றோடு ஒரே கஜானாவில் போட்டியிடும்.

ஓய்வு வயதை உயர்த்தினால் போதாதா என்று கேட்பார்கள். தமிழ்நாடு 2020-ல் 58-ஐ 59 ஆக்கியது, 2021-ல் 60 ஆக்கியது. ஓய்வுபெறும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடையும், பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூடேஷனும் அந்த இரண்டு ஆண்டுகளில் கொடுக்க வேண்டியிராததால் கஜானாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது உண்மை. ஆனால் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு இது பெரிய சேமிப்பு அல்ல. பாதிச் சம்பளம் வாங்க வேண்டியவர் முழுச் சம்பளம் வாங்குகிறார், அப்புறம் இன்னும் உயர்ந்த கடைசிச் சம்பளத்தில் பாதியோடு போகிறார். பணம் கட்டும் திட்டத்தில்தான் வயது உயர்வு நன்றாக வேலை செய்யும்: இரண்டு ஆண்டு கூடுதலாகக் கட்டுகிறீர்கள், இரண்டு ஆண்டு குறைவாக எடுக்கிறீர்கள், தராசின் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் நகர்கிறது.

சரி, தனியாக ஒரு நிதி வைத்துவிட்டால் கவலை தீருமா? இங்கே இலங்கையைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதி 1958-லிருந்து இருக்கிறது. தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட லட்சக்கணக்கானவர்களின் ஒரே சேமிப்பு அது. நிதியின் பெரும்பகுதி அரசாங்கத்தின் கடன் பத்திரங்களில் இருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனபோது, கணக்கில் எண் குறையாமலேயே பணத்தின் மதிப்பு கரைந்தது. 2023-ல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது: பழைய பத்திரங்களைக் கொடுத்துப் புதிய பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரப் பரிமாற்றத்தில் சேராத ஓய்வூதிய நிதிகளுக்குப் பத்திர வருமானத்தின் மீது 14-க்குப் பதிலாக 30 சதவீத வரி என்று சட்டம் போட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியும் அந்தப் பரிமாற்றத்தில் சேர்ந்தது. அரசுக்கே கடன் கொடுத்து வைத்திருக்கும் நிதி, அரசு தடுமாறும் நாளில் உங்களைக் காப்பாற்றாது. சி.பி.எஸ். பணம் மாநில அரசின் பொதுக் கணக்கில் இருந்தது குறித்து நான் பணியில் இருக்கும்போதே கவலைப்பட்டது இதனால்தான்.

தனிநபர் கணக்கு என்ற எதிர்முனைக்குப் போனது சிலி. 1981-ல் பொது ஓய்வூதியத்தை நிறுத்தி, ஒவ்வொருவரும் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தன் பெயரில் தனியார் நிதியில் போட வேண்டும் என்றார்கள். புதிதாகச் சேர்பவர்களின் ஓய்வூதியப் பொறுப்பு அரசின் கணக்கிலிருந்து இறங்கியது. ஆனால் இடையிடையே மட்டும் வேலை கிடைத்தவர்களுக்கும், பிள்ளை வளர்க்க இடையில் நின்ற பெண்களுக்கும் கணக்கில் போதிய அளவு சேரவில்லை. 2008-ல் வரிப்பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2025-ல் முதலாளியின் பங்கையும் கொண்டுவந்து மறுபடி திருத்தியிருக்கிறார்கள். வயதான வாக்காளர்கள் பட்டினி கிடக்கும்போது எந்த அரசும் ஒதுங்கி நிற்க முடியாது. கதவை மூடினால் செலவு ஜன்னல் வழியாக வருகிறது.

நான் அதிகம் படித்ததும் மதிப்பதும் ஸ்வீடன் செய்ததைத்தான். 1994-ல் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று ஐந்து கட்சிகள் உட்கார்ந்து ஒரே ஒப்பந்தத்துக்கு வந்தன. பங்களிப்பு 18.5 சதவீதம், அதற்கு மேல் ஏறாது. அதில் 16 சதவீதம் இன்றைய முதியவர்களுக்கே போய்விடும். ஆனால் உங்கள் பெயரில் கணக்கில் வரவு எழுதப்படும். மீதி 2.5 சதவீதம் உண்மையாகவே முதலீடாகும். ஓய்வுபெறும்போது கணக்கில் உள்ள தொகையை, உங்கள் வயதுக்காரர்கள் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்ற எண்ணால் வகுப்பார்கள். ஆயுள் கூடினால் மாதத் தொகை குறையும். கொஞ்சம் கூடுதல் காலம் வேலை செய்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம். இதற்கும் மேலே ஒரு தானியங்கி விதி உண்டு. திட்டத்தின் சொத்து அதன் கடனைவிடக் குறைந்தால், அந்த ஆண்டு ஓய்வூதிய உயர்வு தானாகவே வெட்டப்படும். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது.

அது காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் 2010-ல் விதி இயங்கி, ஓய்வூதியம் சுமார் 3 சதவீதம் குறைந்தது. கையில் வாங்கும் தொகையே குறைந்தது. ஓய்வூதியர்களுக்கு வருமான வரியைக் குறைத்தும், விதியின் கணக்கிடும் முறையைச் சற்றுத் தளர்த்தியும் அரசு வலியை மட்டுப்படுத்தியது, விதியைக் கைவிடவில்லை. குறைகள் உண்டு. பொது ஓய்வூதியம் மட்டும் பெறுபவர்களுக்கு அது போதவில்லை என்ற புகார் அங்கே ஓயவில்லை. தொழில்வாரி ஓய்வூதியமும் உத்தரவாத ஓய்வூதியமும் சேர்ந்துதான் தாங்குகின்றன. இருந்தாலும் 25 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒரே புத்தகத்தில் ஒரே விதி எழுதியிருக்கிறது என்பது பெரிய விஷயம்.

ஜப்பான் 2004-ல் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வேறு வழியாக வந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் இன்று மக்கள்தொகையில் பத்தில் மூன்று பங்கை நெருங்கும் நாடு அது. ஊழியர் ஓய்வூதியப் பங்களிப்பை ஆண்டுதோறும் ஏற்றி 2017-ல் 18.3 சதவீதத்தில் நிறுத்திவிட்டார்கள்; பாதி முதலாளி, பாதி தொழிலாளி. பணம் கட்டுபவர் எண்ணிக்கை குறையக் குறைய, ஆயுள் கூடக் கூட, ஓய்வூதிய உயர்வை விலைவாசியைவிடச் சற்றுக் குறைவாகவே கொடுப்பது என்று ஒரு விதி வைத்தார்கள். ஆனால் விலைவாசி விழும் காலத்தில் விதி இயங்காது என்றும் எழுதிவிட்டார்கள். ஜப்பானில் அந்தக் காலத்தில் விலைவாசி பெரிதாக ஏறவில்லை. 2015-ல்தான் அந்த விதி முதல்முறையாக இயங்கியது. அந்தப் பத்து ஆண்டும் மூத்தவர்கள் தப்பித்தார்கள், அந்தச் சுமை இளையவர்களின் எதிர்காலப் பென்ஷனுக்கு நகர்ந்தது. நல்ல விதிக்குள் வைக்கும் ஒரு சிறு விலக்கு எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மொத்தக் கணக்கையும் ஆய்வு செய்து பொதுவெளியில் வைக்கும் வழக்கம்.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்ஸ். 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கினார்கள், நாடே தெருவுக்கு வந்தது, 2025-ல் அதையும் நிறுத்திவைத்தார்கள். டென்மார்க்கில் ஆயுளோடு ஓய்வு வயது பிணைக்கப்பட்டிருப்பதால் 2040-ல் 70 என்ற சட்டம் அந்த அளவு கலவரம் இல்லாமல் நிறைவேறியது. எழுபது வயதில் கட்டடத் தொழிலாளியால் என்ன வேலை செய்ய முடியும் என்ற கேள்வி அங்கேயும் நியாயமாகவே எழுகிறது.

நம் நாட்டிலும் ஒரு தானியங்கி முறை இருக்கிறது. எங்கும் எழுதாமல் இயங்குகிறது. தனியார் துறைக்கான ஊழியர் ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.-95-இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் 1,000 ரூபாய் ஆனது. அதற்கு அகவிலைப்படி கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் பங்கு, 80 வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200. தமிழ்நாடு 1962-ல் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தைத் தன் பணத்தைச் சேர்த்து 2023-ல் 1,200 ஆக்கியது. ஆனால் அதுவும் அரசு மனம் வைத்தால்தான் ஏறும். இந்தத் திட்டங்களின் சுமை அரசுக்குக் கட்டுக்குள்ளேயே நிற்கிறது. எப்படி? விலைவாசி ஒவ்வொரு ஆண்டும் அவற்றை அரித்துக்கொள்கிறது. ஸ்வீடன்காரருக்கு 3 சதவீதம் வெட்டினால் கடிதம் போகிறது, செய்தியாகிறது. நம் பாட்டிக்கு எத்தனை சதவீதம் வெட்டினோம் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. மூப்படையும் தமிழ்நாட்டின் உண்மையான ஓய்வூதியப் பிரச்சினை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சங்கம் வைத்துப் போராட முடிந்த உங்களையும் என்னையும் போன்றவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை: 10-ம் 10-ம் மட்டும் போட்டு 50 சதவீதத்தைக் காக்க முடியாது, மீதியை ஒவ்வொரு ஆண்டும் அரசு போட்டாக வேண்டும். ஊழியரிடம் பிடித்தமே இல்லாத பழைய திட்டத்துக்கு எல்லா மாநிலங்களும் திரும்பினால், மொத்தச் சுமை என்.பி.எஸ்.-ஐப் போல 4.5 மடங்கு வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கி இதழில் 2023-ல் வந்த ஆய்வு கணித்தது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் ஆகியவை அப்போது அந்த வழியை அறிவித்திருந்தன. அந்தச் சுமையின் பெரும்பகுதி 2030-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் அப்போதுதான் கூட்டமாக ஓய்வுபெறுவார்கள், நீங்களும் அதில் இருப்பீர்கள். 2043-ல் மாநிலத்தின் வரி வருமானம் எப்படி இருக்கும், வட்டி விலைவாசியைத் தாண்டுமா, ஊதியக் குழு என்ன தரும் என்பவையெல்லாம் ஊகம். யார் எண் சொன்னாலும் அதன் பின்னால் என்ன அனுமானம் என்று கேளுங்கள். என் கணிப்பு: உங்களுக்கு மாதப் பென்ஷன் வரும். மொத்தமாக நின்றுபோவது அரிது. நெருக்கடி வந்தால் அகவிலைப்படி தவணை தள்ளிப்போவதும், பணிக்கொடையும் கம்யூடேஷனும் தாமதமாவதும்தான் முதலில் நடக்கும். கொரோனா காலத்தில் 2020-ல் அகவிலைப்படி நிறுத்திவைக்கப்பட்டதை நீங்களே பார்த்தீர்கள்.

ஆகவே உங்கள் சங்கத்தில் 50 சதவீதத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு வேறு சிலவற்றையும் கேளுங்கள். பிடித்தமும் அரசின் பங்கும் அரசின் அன்றாடச் செலவு தொட முடியாத தனிக் கணக்கில் போகிறதா? அதன் முதலீடு முழுக்க ஒரே அரசின் பத்திரங்களில் இருக்கிறதா? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆயுள்கணிப்பு ஆய்வு நடந்து சட்டமன்றத்தில் வைக்கப்படுமா? பற்றாக்குறை வந்தால் எந்த வரிசையில் யார் எவ்வளவு ஏற்பது என்று விதியில் எழுதப்படுமா? கடைசிக் கேள்வியைக் கேட்க எந்தச் சங்கமும் விரும்பாது, ஏனென்றால் பதிலில் ஊழியரின் பங்கும் இருக்கும். எழுதப்படாவிட்டால் அந்தப் பங்கு இல்லாமல் போய்விடாது. அன்றைய நிதிச் செயலாளர் முடிவு செய்வார்.

உங்களுக்கென்று இன்றே செய்ய ஒரு வேலை இருக்கிறது. 2009-லிருந்து உங்கள் சி.பி.எஸ். ஆண்டுக் கணக்குச் சீட்டுகளை எடுத்து, சம்பளப் பட்டியலில் பிடித்த ஒவ்வொரு மாதமும் வரவாகியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றியம் விட்டு ஒன்றியம், பள்ளி விட்டுப் பள்ளி மாறியவர்களுக்கு நடுவில் சில மாதங்கள் விடுபட்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணியில் இருக்கும்போது சம்பளம் வழங்கும் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துச் சரிசெய்வது எளிது. ஓய்வுபெற்ற பிறகு பழைய அலுவலகத்தில் அந்த மாதத்துச் செல்லுச்சீட்டைத் (வவுச்சரை) தேடுவது மிகவும் கஷ்டம்.